‘ம்மா’வுக்கு ஒரு மெமோ

சர்வேயர் பதினோரு மாதம் கழித்து வாயைத் திறந்து ஒரு வாக்கியம் பேசினார். அதற்கு எனக்கு மெமோ வந்தது.

அந்த வாக்கியம் இதுதான்: “கோணலா இருக்கும்மா.”

கோணலைப் பற்றி மெமோவில் ஒரு வரியும் இல்லை. கடைசியில் வந்த ‘ம்மா’வுக்கு அடியில் மட்டும் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள். ‘கட்டில் எண் 31-இல் உள்ள நோயாளி, பணியிலிருந்த செவிலியரை உறவுமுறைச் சொல்லால் விளித்துள்ளார். செவிலியர் அதைத் தடுக்கவோ திருத்தவோ இல்லை. மாறாகச் சிரித்துள்ளார். மூன்று நாட்களுக்குள் விளக்கம் தரவும்.’

சிரித்தது உண்மை.

இது எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்களுடையது மனநல மருத்துவமனை. நான் இருந்தது ஆண்கள் வார்டு. நாற்பது கட்டில், ஒரு ஆயா, ஒரு ஷிஃப்டுக்கு ஒரு நர்ஸ். இரவுப் பணி உடம்புக்கு ஒத்துவராமல் எழுதிக் கொடுத்துப் பகலுக்கு மாறி வந்தவள் நான். பகல் சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். பகலில் அதிகாரிகள் இருப்பார்கள் என்பதை யோசிக்கவில்லை.

அந்த வருடம் எங்கள் பெரிய டாக்டர் ஒருவர் மாட்டிக்கொண்டார். குணமாகி வீட்டுக்குப் போகக் காத்திருந்த ஒரு பெண்ணைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய் இரண்டு வருடம் பாத்திரம் தேய்க்க வைத்திருந்தார். விஷயம் வெளியே வந்ததும் அவருக்குப் பதவி உயர்வு கொடுத்து வேறு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். எங்களுக்கு ஒருநாள் பயிற்சி கொடுத்தார்கள்.

பயிற்சியில் கண்காணிப்பாளர் பேசினார். “நோயாளிக்கும் நமக்கும் நடுவுல ஒரு எல்லை இருக்கணும். அது கண்ணுக்குத் தெரியாத கோடு. அதை நாம தாண்டவே கூடாது.”

கடைசி வரிசையிலிருந்து ஆயா கையைத் தூக்கினார். “கண்ணுக்குத் தெரியலன்னா எப்படி சார் தாண்டாம இருக்கறது?”

எல்லோரும் சிரித்தார்கள். கண்காணிப்பாளர் சிரிக்கவில்லை. “நியாயமான கேள்வி,” என்று குறித்துக்கொண்டார். மறுவாரம் பெயிண்டர் வந்தார்.

ஒவ்வொரு கட்டிலையும் சுற்றி மூன்றடி தள்ளி மஞ்சள் கோடு போட வேண்டும் என்பது உத்தரவு. இரண்டு கட்டிலுக்கு நடுவே இருந்த இடமே நாலடிதான். மூன்றும் மூன்றும் ஆறு. அதனால் கோடுகள் ஒன்றின் வயிற்றுக்குள் ஒன்று புகுந்து கிடந்தன. இதை மேற்பார்க்க எல்லை அலுவலர் என்று ஒருவரை நியமித்தார்கள். அதற்கு முன்பு சலவைப் பிரிவில் போர்வை எண்ணிக்கொண்டிருந்தவர். ஒரு நீளப் பதிவேடும் இரண்டு நிறப் பேனாவும் எப்போதும் அவர் கையில் இருக்கும்.

“நடுவுல நடந்து போகும்போது நான் எங்க சார் இருக்கேன்?” என்று அவரிடம் கேட்டேன்.

“எல்லைக்கு வெளிய.”

“ரெண்டு பேரோட கோட்டுக்கும் உள்ள நிக்கறேனே.”

“வெளிய இருக்கறதா நினைச்சுக்கணும். அதுக்குத்தான பயிற்சி கொடுத்தோம்.”

கோடு எல்லாக் கட்டிலுக்கும் வந்து சேர்வதற்கு முன்பே அதைத் தாண்டுவதற்கும் முறை வைத்தார்கள். வெளியே நின்று, “மாத்திரை கொடுக்க நுழைகிறேன்,” என்று சொல்ல வேண்டும். நோயாளி, “நுழையலாம்,” என்று சொல்ல வேண்டும். சர்வேயர் பேசாதவர். எனவே அவர் சார்பில் பக்கத்துக் கட்டில்காரரிடம் அனுமதி வாங்கலாம் என்று சலுகை தந்தார்கள். பக்கத்துக் கட்டில்காரர் தன்னை நீதிபதி என்று நம்புபவர். அவர் வாய்தா கொடுத்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் காலை மாத்திரையைச் சாயங்காலம் நாலரைக்குக் கொடுத்தேன்.

சர்வேயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். முப்பது வருடம் நிலம் அளந்தவர். கடைசியாக ஓர் அண்ணன் தம்பி தகராறில் அளந்து எல்லைக்கல் நட்டுக் கொடுத்தார். மறுவாரம் தம்பி அந்தக் கல்லைப் பிடுங்கி அண்ணன் தலையில் போட்டுவிட்டான். விசாரணையில் திரும்ப அளந்து பார்த்தார்கள். கல் நட்ட இடம் மிகச் சரி. அன்றைக்கு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவர் பிறகு பேசவில்லை. மகள் மூன்று மாதம் பார்த்துவிட்டு இங்கே கொண்டுவந்து சேர்த்தாள்.

பெயிண்டர் அவருடைய கட்டிலுக்கு வந்தது ஒரு மத்தியானம். சர்வேயர் காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பெயிண்டர் சுவரைப் பார்த்துக் கண்ணளவில் கோடு இழுத்துக்கொண்டு போனார். நான் மாத்திரைத் தட்டோடு நின்றேன். அப்போதுதான் அந்த வாக்கியம் வந்தது. குரல் துருப்பிடித்த தாழ்ப்பாள் போல இருந்தது.

ஆயா கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். நான் சிரித்தேன். எல்லை அலுவலர் எழுதினார்.

மெமோவை எடுத்துக்கொண்டு அவருடைய அறைக்குப் போனேன்.

“சார், அவர் பேசினாரு.”

“ஆமா. அதான் பிரச்சினை. ‘கோணலா இருக்கு’ன்னு நிறுத்தியிருந்தா ஒண்ணுமில்ல.”

“பதினோரு மாசமா பேசாதவரு சார். இப்ப பேசிட்டாரு. அதை எங்க எழுதறது?”

அவர் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் பார்த்தார். மனிதர் நேர்மையாகத்தான் தேடினார்.

“அதுக்குப் படிவத்துல இடம் இல்ல,” என்றார்.

‘சிரித்ததற்கு வருந்துகிறேன்’ என்று விளக்கம் எழுதிக் கொடுத்தேன்.

அந்த ஒரு ‘ம்மா’, கண்காணிப்பாளர் தலைமையில் அமைத்திருந்த எல்லைக் குழுவுக்குப் புது வேலையைக் கொடுத்துவிட்டது. உறவுமுறைச் சொற்களை ஒழிப்பது பற்றி அவசரக் கூட்டம் போட்டார்கள். வார்டுக்கு ஒருவர் போக வேண்டும். நான் போனேன்.

அக்கா, அண்ணன், தம்பி எல்லாம் ஐந்து நிமிடத்தில் போயின. ‘சொல்லுப்பா’வில் வரும் ‘ப்பா’, ‘வாம்மா’வில் வரும் ‘ம்மா’ இரண்டும் அடுத்துப் போயின. ஐயா என்றால் அப்பா என்று ஒருவர் சொன்னார், அதுவும் போயிற்று. பிறகு எல்லை அலுவலர் எழுந்து, ஒரு கண்டுபிடிப்பைச் சொல்பவருடைய அமைதியோடு சொன்னார்: “சிஸ்டர்னாலும் அக்கா, தங்கச்சிதான். இத்தனை வருஷமா யாரும் கவனிக்கல.”

பட்டியலில் அதையும் சேர்த்தார்கள்.

“அப்ப செவிலியர்னு வச்சுக்கலாம்,” என்றார் கண்காணிப்பாளர்.

அகராதி கொண்டுவரச் சொன்னார்கள். செவிலி என்றால் வளர்ப்புத் தாய் என்று போட்டிருந்தது.

“இது இன்னும் மோசம்,” என்றார் எல்லை அலுவலர்.

ஆயா என்ற சொல்லை அகராதியில் பார்க்கவே அவர்கள் துணியவில்லை. கடைசியில் எங்களுக்கு எண் கொடுத்தார்கள். நான் பணியாளர் ஆறு. ஆயா பணியாளர் பதினாலு. எல்லாரும் எல்லாரையும் சார், மேடம் என்று அழைக்கலாம்.

“சார், மேடம் கொஞ்சம் தள்ளி நிக்கற மாதிரி இருக்குமே சார்,” என்று நான் சொன்னேன்.

கண்காணிப்பாளர் அன்றைக்குத்தான் மனம் விட்டுப் பேசினார். “அதுல ஒரு கெடுதலும் இல்ல. எங்கப்பாவை நான் சார்னுதான் கூப்பிட்டேன். அவர் சாகற வரைக்கும். ஒரு சண்டை வந்ததில்ல. கடைசியா அவர் ஆஸ்பத்திரில கிடந்தப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஏதோ சொல்ல வந்தார். பார்வையாளர் நேரம் முடிஞ்சு மணி அடிச்சிட்டாங்க. நான் எழுந்து வந்துட்டேன். மறுநாள் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. என்ன சொல்ல வந்தாருன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ஆனா நேரத்தை மீறல. அதான் எல்லை.”

எல்லோரும் குறிப்பெடுத்தார்கள்.

வார்டில் ஆயாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“இருபது வருஷமா ஆயா ஆயான்னு கத்தினாலே நான் திரும்பறதில்ல. பதினாலுன்னா திரும்பிடுவேனாக்கும்,” என்றார். “அது சரி, ஊசி குத்தறப்ப ‘அம்மா’ன்னு கத்துவாங்களே, அவங்களை என்ன பண்றதாம்?”

நான் அதைக் கேட்டு எழுதியிருக்கக் கூடாது. எழுதினேன். ஒரு வாரம் ஆராய்ந்து பதில் அனுப்பினார்கள். நோயாளி பணியாளரைப் பார்த்து ‘அம்மா’ என்றால் அது விளிப்பு, மீறல். மேலே பார்த்து ‘அம்மா’ என்றால் அது வலி, மீறல் அல்ல. அன்றிலிருந்து ஊசி போடும் நேரத்தில் வார்டு முழுக்க எல்லோரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்கள்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது சர்வேயர் பேசிக்கொண்டிருந்தார். நாளுக்கு இரண்டு வாக்கியம், மூன்று வாக்கியம். எல்லாமே கோட்டைப் பற்றி.

“எனக்கும் அவருக்கும் பொதுவுல ரெண்டடி விழுதும்மா. பின்னால தகராறு வரும்.”

“இது பெயிண்டுதானே. யாரும் அடிச்சுக்க மாட்டாங்க,” என்றேன்.

“பெயிண்டோட விட்டுருங்கம்மா. கல்லு நட்டுறாதீங்க.”

முகத்தைத் திருப்பிக்கொண்டு மாத்திரைத் தட்டைத் துடைத்தேன். எல்லை அலுவலர் தூணுக்குப் பக்கத்தில் நின்று எழுதினார். அத்தோடு மூன்று. மறுநாள் சர்வேயர், “சாப்டீங்களாம்மா?” என்று கேட்டார். நாலு.

ஐந்து மீறல் சேர்ந்தால் நோயாளிக்குப் ‘பற்றுக்கோளாறு’ என்று எழுதிப் பின்கட்டடத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்பது புது விதி. பின்கட்டடம் சமையல்கூடத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே போனவர்களின் செருப்பு எங்கள் வார்டு வாசலிலேயே கிடக்கும். யாரும் வந்து எடுத்ததில்லை. ஆயா வருடத்துக்கு ஒருமுறை சாக்கில் அள்ளுவார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். வாராவாரம் அப்பாவுக்கு இஸ்திரி போட்ட சட்டை ஒன்று கொண்டுவருவாள்.

“அப்பா பேசறாராமே அக்கா. இருபதாம் தேதி போர்டு வைக்கறாங்களாம். அதுல பேசினா வீட்டுக்கு அனுப்பிடுவாங்களா அக்கா?”

“அக்கான்னு சொல்லாதம்மா,” என்றேன்.

நான் சொன்னதிலும் ஒன்று இருந்தது. நல்லவேளை, எல்லை அலுவலர் அன்று விடுப்பு.

அவளிடம் நிலைமையைச் சொன்னேன். போர்டில் கண்காணிப்பாளர் இருப்பார், எல்லை அலுவலர் இருப்பார். அப்பா பேசாவிட்டால் பின்கட்டடம். பேசி, அதில் ஒரு ‘ம்மா’ வந்தாலும் பின்கட்டடம்.

அவள் கொஞ்ச நேரம் சட்டையின் காலரை நீவிக்கொண்டிருந்தாள். “எங்கப்பாவுக்கு ‘ம்மா’ போடாம பேச வராதே. பால்காரம்மா, பஸ்ல பக்கத்துல உக்கார்ற பொம்பள, எல்லார்கிட்டயும் அப்படித்தான்.”

“எட்டு நாள் இருக்கு. பாக்கறேன்.”

“நீங்களே பாத்து ஏதாவது பண்ணுங்க,” என்றாள். கடைசியில் ஒரு சொல் வர இருந்ததை விழுங்கினாள். பெண் சீக்கிரம் கற்றுக்கொள்பவள்.

மறுநாள் காலை, எல்லை அலுவலர் வார்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, ஒரு டம்ளர் தண்ணீரோடு கோட்டுக்கு வெளியே நின்றேன்.

“தண்ணி வேணுமா?”

“குடும்மா.”

“‘தண்ணி வேணும் மேடம்.’ அப்படிச் சொல்லுங்க.”

அவர் டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “தண்ணி வேணும்…”

நான் கொடுக்கவில்லை.

“நான் என்ன தப்பு பண்ணேம்மா? அளவு தப்பா?”

“அளவெல்லாம் சரிதான். சொல்லுதான் மாத்தணும். வீட்டுக்குப் போகணும்னா மாத்தணும்.”

“யார் மாத்தினது?”

“ஆபீஸ்.”

அதற்கு மேல் கேட்கவில்லை. அரசாங்க உத்தரவுக்குக் கட்டுப்பட்டு முப்பது வருடம் வேலை செய்தவர். தண்ணீர் வாங்காமலே அன்றைக்கு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார். எழுத்துக்கு எழுத்து சரியாகச் சொன்னார். சங்கிலியை இழுத்துப் பிடித்து அளப்பவர் போல ஒவ்வொரு வாக்கியத்தின் முனையிலும் நின்று, ‘மேடம்’ என்பதை வைத்துவிட்டு மூச்சு விட்டார். நாலாவது நாளுக்குப் பிறகு ஒருமுறைகூடத் தவறவில்லை.

“பாவம் பண்ற நீ,” என்றார் ஆயா, தரையைத் துடைத்துக்கொண்டே.

“பின்கட்டடத்துக்கு அனுப்பறது புண்ணியமா?”

“நான் எதையும் புண்ணியம்னு சொல்லலியே. காலைத் தூக்கு.”

இருபதாம் தேதி போர்டு கூடியது. நீள மேஜை. சர்வேயர் இஸ்திரிச் சட்டையில் இருந்தார். அவருடைய நாற்காலியைச் சுற்றியும் சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தார்கள். மகள் ஓரத்தில் உட்கார்ந்தாள். நான் கதவருகே நின்றேன்.

என்ன கிழமை என்று கேட்டார்கள். “திங்கட்கிழமை சார்.” நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார்கள். இரண்டு வரைக்கும் கழித்துவிட்டு, “மிச்சம் ரெண்டு சார். அதுக்கு மேல கழிக்கணும்னா உத்தரவு வேணும் சார்,” என்றார். ஒன்றும் வரவில்லை. ‘ம்மா’ இல்லை, ‘ப்பா’ இல்லை. எல்லை அலுவலர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

கடைசியாகக் கண்காணிப்பாளர் மகளைக் காட்டிக் கேட்டார்: “இவங்க யாரு?”

சர்வேயர் அவளைப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுத்துக்கொண்டேன்.

“மேடம்,” என்றார்.

மகள் சிரித்தாள். அப்பா விளையாடுகிறார் என்று நினைத்திருப்பாள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது.

கண்காணிப்பாளர் நாற்காலியில் சாய்ந்தார். “பெத்த பொண்ணையே மேடம்ங்கறார் பாருங்க. இதைத்தான் நாம எதிர்பார்த்தோம். இந்த வருஷ அறிக்கையில முதல் கேஸா இதைப் போடுங்க. முழு குணம்.”

அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். வாசலில் சர்வேயர் செருப்பை மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பி, “போயிட்டு வரேன் மேடம்,” என்றார். நான் தலையாட்டினேன். பக்கத்தில் எல்லை அலுவலர் இருந்தார். அவர் இல்லாவிட்டாலும் தலைதான் ஆட்டியிருப்பேன். அவ்வளவு களைப்பாக இருந்தது.

எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதில் பெயர் இருக்கவில்லை. பணியாளர் ஆறு என்று இருந்தது. ஆயா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “ஆறாவது பாஸ்,” என்றார்.

மூன்று வாரம் போயிற்று. ஒருநாள் காலை பதினோரு மணிக்கு வார்டு போன் அடித்தது. போனுக்கு எதிர் மேஜையில் எல்லை அலுவலர் உட்கார்ந்து பதிவேட்டில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போன நோயாளியோடும் குடும்பத்தோடும் பேசக் கூடாது என்பதும் விதிதான். வருகிற அழைப்பு ஒவ்வொன்றையும் அவர் எழுத வேண்டும்.

எடுத்தேன். மகள்.

“அக்கா, வச்சிராதீங்க அக்கா. அப்பா என்னை மேடம்னு கூப்பிடறாரு. முதல்ல விளையாட்டுன்னு விட்டுட்டேன். சமையல்கட்டு வாசல்ல நின்னுக்கிட்டு, ‘தண்ணி குடிக்க நுழைகிறேன்’ங்கறாரு. நான் ‘நுழையலாம்’னு சொல்ற வரைக்கும் நிக்கறாரு. நேத்து கடைக்குப் போயிட்டு லேட்டா வந்தேன். மத்தியானத்துலேர்ந்து அங்கயே நின்னிருக்காரு. என் பொண்ணுக்கு மூணு வயசு. அவளையும் மேடம்ங்கறாரு. அவ பயந்துக்கிட்டு அழுவுறா. நான் என்ன அக்கா பண்ணுவேன்?”

எல்லை அலுவலர் தலையைத் தூக்கினார். வைத்துவிட வேண்டும். ‘தவறான எண்’ என்று சொல்லிவிட்டு வைத்தால் போதும். அதற்குப் பதிவேட்டில் தனிக் கட்டமே இருந்தது.

“அவர்கிட்ட குடு,” என்றேன்.

செருப்புச் சத்தம் வந்தது. நின்றது. பிறகு, “வணக்கம் மேடம்.”

வார்டைத் திரும்பிப் பார்த்தேன். முப்பத்தொன்றாம் கட்டில் இன்னும் காலியாகத்தான் இருந்தது. அதைச் சுற்றி மஞ்சள் கோடு.

“அந்தக் கோட்டை இன்னும் மாத்தலப்பா,” என்றேன்.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

“அப்படியே கோணலாத்தான் கிடக்குதுப்பா. எவ்வளவு தப்புன்னு இங்க யாருக்கும் சொல்லத் தெரியல.”

எல்லை அலுவலர் சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டார். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“தலைமாட்டுல நாலு அங்குலம்,” என்றார் சர்வேயர். நிறுத்தினார். “கால்மாட்டுல ஏழு. சுவரே நேரா இல்ல. சுவரைப் பாத்துப் போட்டா கோடு எப்படி நேரா வரும்.” மறுபடியும் நிறுத்தினார். முனையில் வந்து நிற்கிறார் என்று தெரிந்தது. அங்கே வைக்க வேண்டிய சொல்லை எனக்குத் தெரியும். நான்தான் கற்றுக் கொடுத்தேன்.

“சொல்லும்மா,” என்றார். “எப்படி வரும்?”

“வராதுப்பா,” என்றேன்.

போனை வைத்தேன். எல்லை அலுவலர் மூன்று கோடு போட்டிருந்தார்.

“யாரு?”

“அப்பா.”

அவர் அலமாரியைத் திறந்து என்னுடைய பணிப்பதிவேட்டை எடுத்தார். மெதுவாகப் பக்கம் புரட்டினார். வேலையில் குறை வைப்பவர் அல்ல அவர்.

“உங்கப்பா இறந்து ஒன்பது வருஷம் ஆச்சுன்னு இருக்கே.”

“ஆமா சார். இப்ப பேசறாரு.”

அவர் பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் பார்த்தார்.

“அதுக்குப் படிவத்துல இடம் இல்ல,” என்றார்.